மின்பொருளின் முதுகில் எழுதியிருப்பது என்ன?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக இருக்கும் கைத்தொலைபேசிக் கடை ஒன்றில் சிறிது நேரம் நின்றால் பல விதமான ஆலோசனைகள் காதில் விழும். "பெரிய சார்ஜரில் போட்டால் போன் எரிந்துவிடும்." "20,000 பவர் பாங்க் வாங்கினால் 5,000 போனை நான்கு தடவை முழுதாக ஏற்றலாம்." "இந்த ஸ்பீக்கர் 1,000 வாற்று, திருவிழாவுக்கே போதும்." "கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ரைஸ் குக்கர், முள்ளை மட்டும் மாற்றிச் செருகினால் சரி." சொல்பவர்கள் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். தாங்கள் கேட்டதை அப்படியே சொல்கிறார்கள். ஆனால் இந்த நான்குமே பிழை. நான்காவது, வீட்டையே கொளுத்தக்கூடிய பிழை.

இவற்றைப் பிழை என்று கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. நான்கு அளவுகளைப் புரிந்துகொண்டு, ஒரு பெருக்கல் கணக்குச் செய்யத் தெரிந்தால் போதும். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பதற்காக அச்சிட்ட எண். பொருளின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருப்பதே அந்தப் பொருள் உண்மையில் என்ன செய்யும் என்று சொல்லும் எண். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

மின்சாரத்தின் அருமையை வன்னியில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே வரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் ஏராளம். பின்னர் மின்கம்பிகள் ஊர் ஊராக வந்தன. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பவர் பாங்க்கும் ரீசார்ஜ் விளக்கும் தேடி எல்லோரும் கடைக்கு ஓடினோம். அப்படி அவசரமாக வாங்கும்போதுதான் பெட்டியில் உள்ள எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

## குளமும் துருசும்

நான்கு அளவுகளையும் ஒரு குளத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். இரணைமடுவையே எடுத்துக்கொள்வோம்.

மாரி காலத்தில் "இரணைமடுவில் நீர் இத்தனை அடி" என்று செய்தி போடுவார்கள். நீர் உயரமாக நிற்கும்போது துருசைத் திறந்தால் சீறிக்கொண்டு வரும். அடிமட்டத்தில் கிடக்கும்போது திறந்தால் அதே துருசில் மெல்லக் கசிந்து வரும். தள்ளும் அழுத்தம் நீரின் உயரத்தில் இருக்கிறது. மின்சாரத்தில் இந்தத் தள்ளும் அழுத்தத்துக்குப் பெயர் வோல்ற்றளவு. அதன் அலகு வோல்ற்று. பொருளின் பின்பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்தால் குறிப்பார்கள்.

வாய்க்காலில் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு நீர் கடந்து போகிறதோ அதற்கு நிகரானது மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். 'ஏ' என்று போட்டிருக்கும். அம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மில்லி அம்பியர்.

அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். உயரத்திலிருந்து கொஞ்ச நீர் விழுந்தாலும், தாழ்விலிருந்து நிறைய நீர் விழுந்தாலும் ஒரு சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்றவைக்கலாம். அந்த வேலை நடக்கும் வேகத்துக்குப் பெயர் வலு. அதன் அலகு வாற்று, குறி 'டபிள்யூ'. கணக்கு மிக எளிது: வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற்று. 5 வோல்ற்றில் 2 அம்பியர் போனால் 10 வாற்று.

கடைசியாக, குளத்தில் இருக்கும் நீர் முழுவதும் தீர்வதற்குள் மொத்தம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கேள்வி. இதற்கான அளவு சக்தி. வாற்றை மணித்தியாலத்தால் பெருக்கினால் வாற்று மணி கிடைக்கும். 10 வாற்றை 3 மணித்தியாலம் பயன்படுத்தினால் 30 வாற்று மணி.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுவோம், பின்னால் பலமுறை தேவைப்படும். குளத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும், வயலுக்குள் வருவது நாம் வக்கடையை எவ்வளவு திறந்தோமோ அவ்வளவுதான். குளம் பெரியது என்பதற்காக வயல் அழியாது. ஆனால் வாய்க்காலில் நீர்மட்டம் வரம்பின் உயரத்தைத் தாண்டினால் வரம்பு உடையும். மின்பொருளும் அப்படித்தான். தனக்கு வேண்டிய அம்பியரைத் தானே எடுத்துக்கொள்ளும். கூடுதலாகக் கொடுக்கக்கூடிய இடத்தில் செருகினாலும் அது கெடாது. வோல்ற்று அளவுக்கு மிஞ்சினால் கெட்டுவிடும்.

சுருக்கமாக: வோல்ற்று என்பது அழுத்தம், அம்பியர் என்பது ஓட்டம், இரண்டையும் பெருக்கினால் வாற்று, வாற்றை நேரத்தால் பெருக்கினால் வாற்று மணி. வோல்ற்று பொருந்த வேண்டும். அம்பியர் போதுமானதாக இருக்க வேண்டும்.

## சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் போன் சார்ஜரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் சில வரிகள் தெரியும். தெரியாவிட்டால் இன்னொருவரின் போன் கமராவால் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

முதல் வரி 'இன்புட்' என்று தொடங்கும். சுவரிலிருந்து சார்ஜர் உள்ளே எடுப்பது இது. பெரும்பாலும் "100–240 வோல்ற்று, 50/60 ஹேட்ஸ்" என்று இருக்கும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். அது அந்த எல்லைக்குள் இருக்கிறது, ஆகவே பொருந்தும். ஹேட்ஸ் என்பது மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் திசைமாறி ஆடுகிறது என்பதன் எண்ணிக்கை. இப்படித் திசைமாறுவதை ஆடலோட்டம் என்பார்கள். அலை போன்ற சிறு கோட்டால் குறிப்பார்கள்.

அடுத்த வரி 'அவுட்புட்'. போனுக்கு சார்ஜர் கொடுப்பது. 20 வாற்று சார்ஜர் ஒன்றில் "5 வோல்ற்று 3 அம்பியர், 9 வோல்ற்று 2.22 அம்பியர்" என்று எழுதியிருக்கும். பெருக்கிப் பாருங்கள். முதலாவது 15 வாற்று. இரண்டாவது ஏறத்தாழ 20 வாற்று. பெட்டியில் போட்ட 20 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? இந்த வரியில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் இருக்கும். ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் என்பதற்கான குறி அது. பற்றரி ஏற்பது நேரோட்டத்தை மட்டுமே.

9 வோல்ற்று என்றால் 5 வோல்ற்றுப் போன் எரியாதா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. இன்றைய யூ.எஸ்.பி சார்ஜர்கள் எடுத்த எடுப்பில் 5 வோல்ற்றுடன்தான் தொடங்குகின்றன. கம்பி வழியாகப் போனும் சார்ஜரும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. "என்னால் 9 வோல்ற்று ஏற்க முடியும்" என்று போன் கேட்டால்தான் சார்ஜர் அழுத்தத்தை உயர்த்தும். கேட்காத போனுக்கு 5 வோல்ற்றே போகும். ஆகவே மடிக்கணினிக்கான 65 வாற்று சி வகைச் சார்ஜரை ஒரு சாதாரண போனில் செருகினால் அந்தப் போன் தனக்கு வேண்டிய 10 அல்லது 15 வாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். எரியாது. மறுபக்கமாக, 45 வாற்று ஏற்கும் போனுக்கு 10 வாற்று சார்ஜர் போட்டால் மெதுவாக ஏறும், வேறொன்றும் நடக்காது.

எரிந்த போன்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. 230 வோல்ற்றுப் பக்கத்தையும் 5 வோல்ற்றுப் பக்கத்தையும் பிரித்துவைக்கும் காப்பில் பணம் மிச்சம் பிடித்துச் செய்த மலிவுச் சார்ஜர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் அந்தக் காப்பு தோற்றால் சுவர் மின்சாரம் நேரே கைக்கு வரும். பின்பக்கத்தில் எதுவுமே எழுதாத சார்ஜரையும், தயாரித்தவர் பெயர் இல்லாத சார்ஜரையும் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் இதில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு எந்த அர்த்தமும் இல்லை.

உருண்டை முனை கொண்ட பழைய வகை அடாப்டர்கள்தான் உண்மையில் கவனம் வேண்டியவை. ரவுட்டர், ரி.வி. டிக்கோடர், சிறு ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் அவை வருகின்றன. அவை பொருளை எதுவும் விசாரிப்பதில்லை. எழுதிய வோல்ற்றை அப்படியே தள்ளிவிடும். 12 வோல்ற்று அடாப்டரின் முனை 5 வோல்ற்றுப் பொருளுக்குள்ளும் அழகாகப் போய் உட்காரும். பொருள் அந்த நிமிடமே போய்விடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ற்று அதே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். உட்பக்கம் நேர்முனையா மறைமுனையா என்று காட்டும் சிறு வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சுருக்கமாக: யூ.எஸ்.பி சார்ஜரில் பெரிய வாற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. உருண்டை முனை அடாப்டரில் வோல்ற்றைப் பார்க்காமல் செருகக் கூடாது.

## பவர் பாங்க்: 20,000 எங்கே போனது?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மக்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

பவர் பாங்க்கில் போடும் எண் மில்லி அம்பியர் மணி. ஓட்டத்தை நேரத்தால் பெருக்கியது. அதில் அழுத்தம் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை வோல்ற்றில் என்று சொல்லாமல் மில்லி அம்பியர் மணியை மட்டும் சொன்னால், குளத்தின் பரப்பைச் சொல்லி ஆழத்தைச் சொல்லாதது போலாகும்.

உள்ளே இருக்கும் லிதியம் கலத்தின் வோல்ற்று 3.7. ஆகவே 20,000 மில்லி அம்பியர் மணி, அதாவது 20 அம்பியர் மணி, 3.7 ஆல் பெருக்கினால் 74 வாற்று மணி. இதுதான் உள்ளே இருக்கும் மொத்தச் சக்தி. ஆனால் போனுக்குக் கொடுப்பது 5 வோல்ற்றில். 3.7ஐ 5 ஆக உயர்த்த உள்ளே ஒரு சுற்று இருக்கிறது. அது வேலை செய்யும்போது சூடாகும்; அந்தச் சூடு நாம் இழக்கும் சக்தி. இழப்பு இல்லையென்றே வைத்தாலும் 74ஐ 5 ஆல் வகுத்தால் 14.8 அம்பியர் மணிதான் வரும். இழப்பையும் கழித்தால் 12,000 அல்லது 13,000 மில்லி அம்பியர் மணி. நேர்மையான நிறுவனங்கள் பின்பக்கத்தில் 'ரேட்டட் கப்பாசிற்றி' என்ற சொல்லின் அருகே இந்தச் சிறிய எண்ணையும் அச்சிடுகின்றன. அதுவே நீங்கள் வாங்குவது.

5,000 போனின் பற்றரியை இதே முறையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 19 வாற்று மணி. 74இலிருந்து இழப்பு போக 60 சொச்சம் வெளியே வருகிறது. போன் ஏறும்போதும் சிறிது சூடாகி வீணாகும். ஆகவே நான்கு தடவை என்றது மூன்று தடவையாக நிற்கும். இது மோசடி அல்ல. மூன்று தடவை ஏற்றினால் உங்கள் பவர் பாங்க் நல்லது.

மோசடி எது என்றால், உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் "50,000" என்று போட்டு விற்பது. இதைப் பிடிக்க ஒரு தராசு போதும். விரல் தடிப்பான உருளை லிதியம் கலங்களில் நல்ல வகை ஒன்று 3,500 மில்லி அம்பியர் மணி கொள்ளும். எடை 48 கிராம் அளவில் இருக்கும். 20,000 வேண்டுமென்றால் அப்படி ஆறு கலங்கள். கலங்கள் மட்டுமே 290 கிராம் அளவில் வந்துவிடும். அதற்கு மேல் உறையும் சுற்றுப்பலகையும். தட்டையான பொலிமர் கலங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே 20,000 என்று எழுதிய பவர் பாங்க் 180 கிராம் இருந்தால் அந்த எண் பொய். 50,000 என்று எழுதியது முக்கால் கிலோவை நெருங்க வேண்டும். பக்கத்துப் பலசரக்குக் கடையின் மின்தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

முதுகில் சிறு சூரியத் தகடு ஒட்டிய பவர் பாங்க்குகளுக்கு வன்னியில் நல்ல கிராக்கி இருக்கிறது. வயலுக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் விரும்பி வாங்குகிறார்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லைத்தான். ஆனால் உள்ளங்கை அளவுத் தகட்டிலிருந்து உச்சி வெயிலில் வருவது ஒன்று, ஒன்றரை வாற்று. 74 வாற்று மணியை நிரப்ப ஐம்பது மணித்தியாலம் கொதிக்கும் வெயில் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியால நல்ல வெயில் என்றால் பத்து நாட்கள். அந்தப் பத்து நாளும் பற்றரி வெயிலில் வேகும். லிதியத்துக்குச் சூட்டைப் போல எதிரி இல்லை. சூரிய ஒளி வேண்டுமென்றால் தகடு தனியாகவும் பற்றரி நிழலிலும் இருக்கும் வகையை வாங்குங்கள். பழைய சைக்கிள் டைனமோவுக்குக்கூட இதைவிட அதிக வலு உண்டு: வழக்கமான டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அதிலும் ஒரு போனை நிரப்ப ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்க வேண்டும் என்பதை நினைத்தால், அன்று வானொலியை மட்டும் அதில் கேட்க முடிந்ததன் காரணம் புரியும். வானொலிக்கு ஒரு வாற்று கூடத் தேவைப்படாது.

ரவுட்டருக்கான சிறு யூ.பி.எஸ், அதாவது மின்வெட்டில் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி, வாங்குபவர்களும் இதே கணக்கைச் செய்யலாம். 8,800 மில்லி அம்பியர் மணி என்றால் 8.8 × 3.7, அதாவது ஏறத்தாழ 32.5 வாற்று மணி. ரவுட்டர் 8 வாற்று எடுத்தால், இழப்புப் போக மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பெட்டியில் "8 மணித்தியாலம்" என்று எழுதியிருந்தால் அது எந்த ரவுட்டருக்கு என்று கேளுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. விமான நிறுவனங்கள் பார்ப்பதும் வாற்று மணியைத்தான். 100 வாற்று மணி வரை தனி அனுமதி தேவையில்லை. அது 27,000 மில்லி அம்பியர் மணிக்குச் சமம். கையில் கொண்டுபோகும் பைக்குள் மட்டுமே வைக்க வேண்டும். பாரப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப விடமாட்டார்கள்.

ஊதிப்போன பவர் பாங்க்கையோ போனையோ மீண்டும் ஏற்றாதீர்கள். அழுத்திச் சமப்படுத்தவும் முயலாதீர்கள். தலையணைக்குக் கீழ் வைத்து ஏற்றும் பழக்கத்தை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கண்டால் அன்றே நிறுத்துங்கள்.

சுருக்கமாக: மில்லி அம்பியர் மணியை ஆயிரத்தால் வகுத்து 3.7 ஆல் பெருக்கி வாற்று மணியாக்குங்கள். பிறகு எடையைப் பாருங்கள்.

## கனடாவிலிருந்து வரும் பெட்டி

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெட்டி வந்து சேர்ந்தால் வீட்டில் கொண்டாட்டம். அதற்குள் மின்பொருள் இருந்தால் செருகுமுன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. நமக்கு 230. அங்கே விற்கும் 700 வாற்று ரைஸ் குக்கரை இங்கே செருகினால் என்ன நடக்கும்? அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குக்கருக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பி அதேதான், அழுத்தம் இரண்டு மடங்கானால் அதற்குள் ஓடும் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் வலு நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். 700 வாற்றுக்குச் செய்த கம்பியில் 2,500 வாற்றுக்கு மேல் போகும். பியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் புகை, நெருப்பு.

கடையில் விற்கும் முள் மாற்றி இதைத் தீர்க்காது. அது முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. வோல்ற்றைத் தொடுவதே இல்லை. வோல்ற்றைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் வாற்று குக்கரின் வாற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த அளவு ட்ரான்ஸ்போமர் கனமானது, விலையும் அதிகம். கனடாவிலுள்ள மாமாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்: ரைஸ் குக்கர், அயர்ன், ஹெயார் டிரையர் போன்ற சூடேற்றும் பொருட்களை அனுப்ப வேண்டாம் என்று. போன், மடிக்கணினி, கமரா என்றால் பயமில்லை. அவற்றின் சார்ஜரில் 100–240 என்று இருக்கும். ஆனாலும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

லண்டனிலிருந்து வருபவை அப்படியே பொருந்தும்; அங்கும் 230 வோல்ற்று, இங்கு இப்போது நியமமாக உள்ள 13 அம்பியர் சதுர முள்ளும் அதேதான். சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே எல்லாம் 230 வோல்ற்று, முள் மட்டும் உருண்டை. இந்தியாவும் 230தான்.

## கடைவாய்க்கால் வீடுகள்

இரணைமடு நீர் கடைசிக் காணிக்குப் போய்ச் சேருமுன் வழியில் எவ்வளவு குறைந்துவிடுகிறது என்று விவசாயிகளுக்குத் தெரியும். நீண்ட மின்கம்பி வரிசையின் கடைசி வீட்டிலும் இதுவே நடக்கிறது. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம் கூடக்கூட வோல்ற்று குறையும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கும் ரி.வி.யும் நீர்ப்பம்பியும் போடும்போது இன்னும் குறையும். விதிப்படி 230இலிருந்து 6 வீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. தொடர்ந்து விளக்கு மங்கினால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முறையிடுவது உங்கள் உரிமை.

100–240 என்று எழுதிய பொருட்களுக்கு இந்தக் குறைவு ஒரு பொருட்டே அல்ல. குளிர்சாதனப் பெட்டிக்கு அப்படியல்ல. அதன் மோட்டர் குறைந்த அழுத்தத்தில் திணறும், கூடுதல் அம்பியரை இழுக்கும், சூடாகும், நாளடைவில் எரியும். உங்கள் வீடு வரிசையின் கடைசியில் என்றால், குளிர்சாதனப் பெட்டியுடன் சேர்த்து வோல்ற்றை நிலைப்படுத்தும் ஸ்டெபிலைசருக்கும் பணம் ஒதுக்குங்கள். அல்லது குறைந்த வோல்ற்றிலும் இயங்கும் என்று பின்பக்கத்திலேயே எல்லை குறிப்பிட்ட பெட்டியைத் தேடுங்கள். தவணைக்கு வாங்கிய பெட்டி தவணை முடியுமுன் எரிந்துபோனால் அந்தக் குடும்பம் எதற்காக மாதாமாதம் பணம் கட்டுகிறது? விற்கும்போது "வீடு எங்கே இருக்கிறது?" என்று விற்பனையாளர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

## ஸ்பீக்கரும் மின்குமிழும்

ஸ்பீக்கர் பெட்டியில் 1,000, 3,000 என்று போட்டு அருகே 'பி.எம்.பி.ஓ' என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது விநாடியின் மிகச் சிறிய பகுதிக்கு எழக்கூடிய உச்சம் என்ற பெயரில் போடும் எண். அதை அளக்க ஒழுங்கான நியமமே இல்லை. அடாப்டரைத் திருப்புங்கள். 12 வோல்ற்று 2 அம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 24 வாற்று. உள்ளே போகாத வலு தொடர்ந்து வெளியே வராது. தொடர்ச்சியான வலுவைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்' எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

மின்குமிழில் வாற்று என்பது அது தின்னும் வலு. தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாற்றுக் குமிழ் தந்த ஏறத்தாழ 800 லூமனை இன்று 9 வாற்று எல்.இ.டி. தருகிறது.

## மின்பட்டியலில் வரும் அலகு

மின்பட்டியலில் உள்ள ஓர் அலகு என்பது 1,000 வாற்று மணி. புதிதாக எதுவும் இல்லை, பவர் பாங்க்கில் செய்த அதே கணக்கு. 2,000 வாற்று கெற்றிலைக் கண்டு பயப்படுகிறோம். அது ஆறு நிமிடத்தில் கொதிக்கவைத்துவிட்டால் 200 வாற்று மணிதான். 60 வாற்று மின்விசிறியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. இரவு முழுவதும் பத்து மணித்தியாலம் சுழன்றால் 600 வாற்று மணி. எத்தனை வாற்று என்பதோடு எத்தனை மணித்தியாலம் என்பதையும் கேட்டால்தான் பட்டியல் புரியும். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கான கட்டணமும் உயர்ந்துவிடும் என்பதால், அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி.

குளிர்சாதனப் பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. குளிர்ந்ததும் நின்று, சூடேறியதும் மீண்டும் ஓடும். ஆகவே அதில் வாற்றைப் பார்ப்பதைவிட, சக்தி லேபலில் ஆண்டுக்கு எத்தனை அலகு என்று போட்டிருப்பதைப் பார்ப்பது சரி.

## போன் வாங்கும்போது

போனிலும் முன்பக்க எண் விளையாட்டு உண்டு. "8 ஜி.பி. ரேம்" என்று பெரிதாகவும் "4+4" என்று சிறிதாகவும் போட்டிருந்தால், உண்மையான ரேம் 4தான். ரேம் என்பது போன் ஒரே நேரத்தில் வேலைகளை விரித்துவைக்கும் இடம். மற்ற 4, படங்களும் பாடல்களும் வைக்கும் சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அதன் வேகம் மிகக் குறைவு. கமராவின் மெகாபிக்சலும் அப்படித்தான். எண் பெரிதாக இருப்பதால் படம் தெளிவாக வராது. கடையிலேயே சற்று இருட்டான மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். குறுஞ்செய்தியில் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பெட்டியிலுள்ள எண்ணும் திரையிலுள்ள எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் மாதிரி இலக்கமும், போன் என்றால் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும், உத்தரவாதம் எத்தனை மாதம், பற்றரிக்கும் சேர்த்தா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயால் சொன்ன உத்தரவாதத்தைப் பிறகு நிரூபிக்க வழியில்லை. பிரச்சினை வந்து கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். கடையில் தரும் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட எழுத்து சூட்டில் சில மாதங்களில் வெளுத்துவிடும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் பற்றுச்சீட்டையும், பொருளின் பின்பக்கத்தையும் ஒவ்வொரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.